கிரீக் மணல்ல கதிரியக்கமும் அரிய மண் தனிமமும் ஏன் சேர்ந்தே வருது?

அலாஸ்கால ஃபேர்பேங்க்ஸ் நகரத்துக்கு வடகிழக்கே மவுன்ட் பிரிண்டில்னு ஒரு மலை, அதை ஒட்டி ராய் கிரீக்னு ஒரு சின்ன ஓடை. அந்த ஓடைப் பக்கத்துப் பாறைய ஆராய்ஞ்ச புவியியல் ரிப்போர்ட்டைத் திறந்தா தோரைட், தோரியனைட், யுரேனினைட், மோனசைட், ஜெனோடைம், அல்லனைட், பாஸ்ட்னசைட், பிரித்தோலைட்னு கனிமப் பேரா வந்துகிட்டே இருக்கும். இதுல முதல் மூணும் யுரேனியம், தோரியம் சம்பந்தப்பட்டது, மிச்சமெல்லாம் அரிய மண் தனிமங்களைச் சுமக்கிற கனிமங்கள். புதுசா படிக்கறவங்களுக்கு உடனே ரெண்டு கேள்வி வரும். இந்த ரெண்டு கூட்டமும் ஏன் ஒரே இடத்துல இருக்கு? இவ்வளவு இருந்தும் அங்க ஏன் சுரங்கம் இல்ல? ரெண்டுக்குமே நல்ல பதில் இருக்கு, வேதியியல்ல ஆரம்பிச்சா ரெண்டாவது கேள்வி தானா புரியும்.

அரிய மண் தனிமங்கள்னா மொத்தம் 17. லாந்தனத்துலேர்ந்து லுட்டீசியம் வரைக்கும் 15, கூட இட்ரியம், ஸ்கேண்டியம். பேர்ல அரிய-ன்னு இருந்தாலும் சீரியம் பூமியோட மேலோட்டுல கிட்டத்தட்ட தாமிரம் அளவுக்கு இருக்கு, ஒரு டன் பாறைல 60 கிராம் சுமாருக்கு. தட்டுப்பாடு எதுலன்னா ஒரே இடத்துல குவிஞ்சு, பிரிச்சு எடுக்கற மாதிரியான கனிமத்துல கிடைக்கறதுலதான். தோரியம் ஒரு டன்னுக்கு 10 கிராம் சுத்தி, யுரேனியம் 2 அல்லது 3 கிராம், அதாவது நீங்க இப்ப உட்கார்ந்திருக்கற கட்டடத்தோட கல்லுலயும் மணல்லயும்கூட இது கொஞ்சம் இருக்கு. இல்லாத இடமே கிடையாது, எங்க எவ்வளவு குவிஞ்சிருக்குங்கறதுதான் கேள்வி.

குவியறது எப்படின்னு பார்ப்போம், எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். மேக்மா, அதாவது பூமிக்குள்ள உருகிக் கிடக்கற பாறைக் குழம்பு, ஆறும்போது எல்லாமே ஒரே நேரத்துல கல்லாகறதில்ல, முதல்ல சில கனிமங்கள் படிகமாகும், அதுங்க தன் கட்டமைப்புல பொருந்தற அயனிகளை மட்டும் உள்ள எடுத்துக்கும். இரும்பு, மெக்னீசியம், கால்சியம் எல்லாத்துக்கும் சுலபமா இடம் கிடைச்சிடும். சீரியம், நியோடிமியம், தோரியம், யுரேனியம் இதுங்க அயனி பெருசு, கிட்டத்தட்ட 1 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டர்ல ஆயிரம் கோடில ஒரு பங்கு) ஆரம், அதோட மின்னூட்டமும் 3, 4-ன்னு அதிகம். சாதாரண பாறைக் கனிமங்கள்ல இதுங்க சரியா உட்காராது, அதனால திரவத்துலயே தங்கிப் போகும். மேக்மா ஆற ஆற, மிச்சமிருக்கற கொஞ்சூண்டு திரவத்துல இதுங்களோட அளவு ஏறிக்கிட்டே போகும், கடைசி சொட்டு திரவம் பாறை விரிசல்கள்ல புகுந்து கெட்டியாகும்போது வேற வழியில்லாம தங்களுக்குன்னே தனிக் கனிமங்களா படிகமாகும். அரிய மண்ணும் கதிரியக்கத் தனிமமும் கடைசிவரைக்கும் ஒண்ணா வர்றதுக்குக் காரணம் இதுதான், ரெண்டையுமே மத்த கனிமங்கள் சேர்த்துக்கல.

எல்லா மேக்மாவும் இதுக்கு ஒத்து வராது. சோடியம், பொட்டாசியம் அதிகமா இருக்கற சையனைட் (கிரானைட் மாதிரியே, ஆனா குவார்ட்ஸ் ரொம்பக் குறைவான பாறை), அப்புறம் காரத்தன்மை கூடின கிரானைட், இந்த மாதிரி பாறைகள்ல ஃப்ளோரின் கலந்த திரவம் இருந்தா அது இந்தப் பெரிய அயனிகளைக் கரைஞ்ச நிலையிலயே ரொம்ப நேரம் வச்சிருக்கும், கடைசில நரம்பு நரம்பா விட்டுட்டுப் போகும். ராய் கிரீக் பக்கம் இருக்கறது சையனைட் தொகுதிதான். அலாஸ்காவோட தென்கிழக்குல பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவுல இருக்கற போகன் மலை காரக் கிரானைட். கார்பனேட்டே மேக்மாவா வந்து ஆறின கார்பனடைட் பாறையும் இந்த வரிசைல சேர்த்திதான்.

ஒரு கனிமத்துக்குள்ளயே இந்தக் கூட்டு எப்படி நடக்குதுன்னு மோனசைட்டை எடுத்துப் பாருங்க. அடிப்படைல அது சீரியம், லாந்தனம், நியோடிமியம் சேர்ந்த பாஸ்பேட். அங்க ஒரு சீரியம் இருக்க வேண்டிய இடத்துல தோரியம் வந்து உட்காரலாம், அளவு பொருந்திடும், ஆனா மின்னூட்டம் 3-க்கு பதிலா 4, கணக்கு இடிக்கும். அதைச் சரிக்கட்ட ரெண்டு வழி. பக்கத்துல இன்னொரு சீரியம் இடத்துல மின்னூட்டம் 2 உள்ள கால்சியம் வந்துடும், இல்லன்னா பாஸ்பரஸ் இடத்துல சிலிக்கான் வந்துடும். இப்படித்தான் மோனசைட்ல தோரியம் பல இடங்கள்ல 4 சதவீதத்துலேர்ந்து 12 சதவீதம் வரைக்கும் ஏறுது. தனியா ஒட்டிக்கிட்டிருக்கற அழுக்கு மாதிரி இதை நினைச்சுக்காதீங்க, அது படிகத்தோட உடம்புலயே கலந்தது. கழுவியோ அரைச்சோ பிரிக்க முடியாது, படிகத்தையே ஆசிட்லயோ காஸ்டிக் சோடாவுலயோ உடைச்சாத்தான் வெளிய வரும். இத ஞாபகம் வச்சுக்கோங்க, சுரங்கப் பேச்சு வரும்போது தேவைப்படும்.

கோடிக்கணக்கான வருஷம் கதிரியக்கம் உள்ளுக்குள்ளயே நடந்துகிட்டிருந்தா கல்லும் சும்மா இருக்காது. தோரியம் 232-வோட அரை ஆயுள், அதாவது இருக்கறதுல பாதி சிதைய ஆகற காலம், சுமார் 1400 கோடி வருஷம், யுரேனியம் 238-வோடது 447 கோடி வருஷம், மெதுவாத்தான் சிதையுது, ஆனா நிக்காம சிதையுது. வெளிய பாயற ஆல்ஃபா துகளும் பின்னாடி உதைபடற அணுக்கருவும் சுத்தி இருக்கற படிக வரிசைய இடிச்சுத் தள்ளும். தோரைட், அல்லனைட் மாதிரி கனிமங்கள் வருஷக்கணக்குல இப்படி அடிவாங்கி, வெளித்தோற்றத்துல படிக வடிவமும் உள்ள கண்ணாடி மாதிரி ஒழுங்கில்லாத நிலையுமா மாறிடும், கொஞ்சம் வீங்கவும் செய்யும், வீங்கினதுல பக்கத்து ஃபெல்ட்ஸ்பார்லயும் குவார்ட்ஸ்லயும் சக்கரத்தோட ஆரக்கால் மாதிரி விரிசல் கிளம்பும். பக்கத்துக் குவார்ட்ஸ் புகை நிறமாகி இருக்கலாம். கருப்பு மைக்காவுக்குள்ள ஒரு துளி சிர்கானோ மோனசைட்டோ மாட்டியிருந்தா அதைச் சுத்தி மைக்ரோஸ்கோப்புல கருப்பு வளையம் தெரியும். மலையேறிப் பாக்கற ஜியாலஜிஸ்டுக்கு கருவியே இல்லாம கண்ணால கிடைக்கற துப்பு இது. புகை நிறக் குவார்ட்ஸ் இருந்தாலே யுரேனியம்னு முடிவு கட்டிடக் கூடாது, சாதாரண கிரானைட்ல இருக்கற பொட்டாசியமே நீண்ட காலத்துல அந்த வேலைய செய்யும்.

சரி, பாறை மலை மேல இருக்கு, கிரீக்குக்கு எப்படி வருது?

பனியும் உறைபனியும் பாறைய உடைக்கும், உடைஞ்சது சரிவுல இறங்கும், ஓடை அதை எடுத்துகிட்டுப் போகும். குவார்ட்ஸோட அடர்த்தி 2.65, மோனசைட் 5 பக்கம், சிர்கான் 4.6-க்கு மேல, மேக்னடைட் 5.2, தோரியனைட் 9-க்கு மேல, தங்கம் சுத்தமா இருந்தா 19.3. ஓடைத் தண்ணி லேசான மணலைத் தூக்கிட்டுப் போயிடும், கனமானது வளைவோட உள்பக்கம், பெரிய கல்லுக்குப் பின்னாடி, அடிப்பாறையோட பள்ளம், இங்கெல்லாம் தங்கிடும். தங்கம் தேடறவங்க வட்டத் தட்டுல சரளையப் போட்டு தண்ணில சுழட்டறது இதே வேலையத்தான் சின்ன அளவுல செய்யுது, முறத்துல புடைக்கற மாதிரி, இங்க காத்துக்கு பதிலா தண்ணி. கடைசில தட்டுல நிக்கறது கருப்பு மணல். தங்கம் எடுத்தவங்க அந்தக் கருப்பு மணலை பெரும்பாலும் வேண்டாம்னு ஒதுக்கினாங்க. இரண்டாம் உலகப் போர் முடியற சமயம் யுரேனியத்துக்கு திடீர்னு மதிப்பு வந்ததும் அமெரிக்க புவியியல் ஆய்வுத் துறை ஆட்கள் அலாஸ்கா முழுக்க அந்த மணலைத்தான் தேடிப் போனாங்க. சேவர்ட் தீபகற்பத்தோட கிழக்குப் பக்கம் ஸ்வீப்ஸ்டேக்ஸ் கிரீக், பீஸ் ரிவர் பகுதிகள்ல யுரேனியமும் தோரியமும் கலந்த யுரேனோ-தோரியனைட் கிடைச்சது அப்படிப்பட்ட தேடல்லதான்.

கிரீக் மணல் முழுக் கதையச் சொல்லாது, இங்கதான் நிறையப் பேர் வழுக்கி விழறாங்க. மோனசைட், ஜெனோடைம், சிர்கான் எல்லாம் உருண்டு வந்தாலும் தாங்கும். அல்லனைட் சீக்கிரம் சிதைஞ்சு மக்கிடும், ரொம்ப தூரம் வராது. யுரேனினைட் ஆக்சிஜன் கலந்த தண்ணில கரைஞ்சே போயிடும் (பூமியோட காத்துல ஆக்சிஜன் ஏறறதுக்கு முன்னாடி, 230 கோடி வருஷத்துக்கு முந்தின ஆறுகள்ல, அது சரளையோட சரளையா உருண்டு வந்து படிஞ்சிருக்கு, தென்னாப்பிரிக்காவோட விட்வாட்டர்ஸ்ராண்ட்ல அத இன்னிக்கும் பாக்கலாம்). தோரியம் நிறையக் கலந்திருந்தா அந்த யுரேனியக் கனிமம் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், ஏன்னா தோரியம் தண்ணில கரையவே மறுக்கும். அதனால யுரேனியம் தேடறவங்க ஓடைத் தண்ணியையும் சாம்பிள் எடுப்பாங்க, வண்டலையும் எடுப்பாங்க. கரைஞ்ச யுரேனியம் தண்ணில தெரியும், தோரியமும் அரிய மண்ணும் வண்டல்ல தெரியும். 1970-கள்ல அமெரிக்கா நாடு முழுக்க நடத்துன யுரேனிய மதிப்பீட்டுத் திட்டத்துல அலாஸ்கா ஓடைகள்லயும் இந்த மாதிரி சேகரிச்சாங்க. அந்தப் பழைய டேட்டாவை இப்ப அரிய மண் தேடறவங்க மறுபடி புரட்டறாங்க, ரொம்ப நல்ல விஷயம்னு நினைக்கறேன், ஒரு தடவ கஷ்டப்பட்டு அள்ளின வண்டல் ரெண்டு தலைமுறைக்கு வேலை செய்யுது.

இப்ப கருவி. கைகர் கவுண்டர் டிக் டிக்னு அடிச்சா கதிரியக்கம் இருக்குன்னு தெரியும், எந்தத் தனிமத்தோடதுன்னு அது சொல்லாது. அதுக்கு காமா ஸ்பெக்ட்ரோமீட்டர் வேணும், அது வர்ற காமா கதிரோட ஆற்றலைப் பிரிச்சுப் பாக்கும். பொட்டாசியத்துக்கு 1.46 மெகா எலக்ட்ரான் வோல்ட், யுரேனியம் வரிசைல (யுரேனியம் சிதைஞ்சு அடுத்தடுத்து உருவாகற தனிமங்களோட வரிசை) பிஸ்மத் 214-க்கு 1.76, தோரியம் வரிசைல தாலியம் 208-க்கு 2.61. கவனிச்சீங்களா, கருவி யுரேனியத்தையே பாக்கல, அதோட வம்சத்துல ரொம்பக் கீழ வர்ற பிஸ்மத்தைப் பாத்துட்டு மேல இவ்வளவு யுரேனியம் இருக்கணும்னு கணக்குப் போடுது. அதனாலதான் ரிப்போர்ட்ல அந்த எண்ணுக்கு முன்னாடி சமான-ன்னு ஒரு அடைமொழி போடுவாங்க. யுரேனியம் தண்ணில கரைஞ்சு ஓடிப்போய், அதே வம்சத்துல நடுவுல வர்ற ரேடியம் மட்டும் மிஞ்சின இடத்துல கருவி கூடுதலாச் சொல்லும். புதுசா வந்து படிஞ்ச யுரேனியமா இருந்தா வம்சம் இன்னும் வளரல, முழுசா சமநிலைக்கு வர சுமார் 10 லட்சம் வருஷம் ஆகும், அங்க கருவி குறைச்சுச் சொல்லும். 1940-கள், 50-களோட ரிப்போர்ட் இன்னும் கவனமாப் படிக்கணும், அப்ப ஆற்றலைப் பிரிக்கற வசதி இல்ல, மொத்த எண்ணிக்கையையும் யுரேனியமாவே பாவிச்சு சமான யுரேனியம் இத்தனை சதவீதம்னு எழுதியிருப்பாங்க, ஆனா உள்ள இருந்ததுல பெரும்பங்கு தோரியமா இருக்கலாம்.

இன்னொண்ணு, காமா கதிர் பாறைல அரை மீட்டர் ஆழத்துக்குக் கீழ இருந்து மேல வராது. ஈரமான பாசி, மண், பனி, தண்ணி எல்லாமே அதை அடக்கும். அலாஸ்கால பள்ளத்தாக்கு முழுக்க பாசியும் உறைமண்ணும் (வருஷம் முழுக்க உறைஞ்சே கிடக்கற மண்), அதனால விமானத்துல பறந்து அளந்தா பாறை வெளிய தெரியற முகடு மட்டும் பளிச்சுன்னு தெரியும், ஓடைக்கரை அமைதியாத் தெரியும், ஆனா கதிரியக்கக் கனிமம் அந்தப் பாசிக்குக் கீழயே கிடக்கலாம். கருவில ஒண்ணும் வரலங்கறதுக்கும் அங்க ஒண்ணும் இல்லங்கறதுக்கும் இங்க ரொம்ப தூரம்.

இப்ப அந்த ரெண்டாவது கேள்வி. கனிமம் இருக்குன்னு கண்டுபிடிச்ச உடனே ஏன் அது சுரங்கம் ஆகறதில்ல?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10 கிலோ சரளையத் தட்டுல சுழட்டி 10 கிராம் கருப்பு மணல் எடுத்தீங்கன்னு வைங்க, ஆயிரம் மடங்கு செறிவு பண்ணிட்டீங்க. அதுல 2 சதவீதம் மோனசைட்னு லேப் சொல்லுது, கேக்கவே பிரமாதமா இருக்கும், கருவியும் நல்லாவே டிக் அடிக்கும். ஆனா அசல் சரளைல அது எவ்வளவு? ஒரு டன்னுக்கு 20 கிராம் மோனசைட். மோனசைட்ல அரிய மண் ஆக்சைடு 60 சதவீதம்னு வச்சாலும் டன்னுக்கு 12 கிராம். பூமியோட மேலோட்டுப் பாறைல அரிய மண் எல்லாம் சேர்த்து சராசரியாவே டன்னுக்கு 150 கிராம் சுத்தி இருக்கு. அப்போ அந்தத் தட்டு காட்டினது சராசரியவிடக் குறைவான சமாச்சாரம்! (சராசரிப் பாறைல அது பல கனிமங்கள்ல பரவிக் கிடக்கு, இங்க தனி மணியா இருக்கு, அந்த ஒரு சாதகம் உண்டு.) எவ்வளவு சரளைலேர்ந்து எவ்வளவு கருப்பு மணல் வந்துச்சுன்னு சொல்லாம வெறும் செறிவு மணலோட சதவீதத்தை மட்டும் போட்டு யாராவது செய்தி போட்டா அந்த எண்ணை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

புவியியல்காரங்க மூணு படியா பிரிப்பாங்க. கனிமம் கண்ணுல பட்டது, ஆய்வுல உறுதியாச்சு, இது முதல் படி, இதைக் கனிம இருப்பிடம்னு சொல்லலாம். நீளம் அகலம் ஆழம் தரம் எல்லாம் ஓரளவு தெரிஞ்ச குவியல், இது ரெண்டாவது, இதுக்கு துளை போட்டு உள்ள பாத்தே ஆகணும். லாபமா, சட்டப்படி, இன்னிய தொழில்நுட்பத்துல எடுக்க முடியும்னு காட்டின பங்கு மூணாவது. தொலைதூர ஓடைப் பகுதிகள்ல பதிவானதுல ரொம்ப ரொம்பப் பெரும்பாலானது முதல் படிலயே நிக்குது, அது தோல்வி இல்ல, முதல் படியோட வேலையே அடுத்து எங்க பாக்கணும்னு சொல்றதுதான்.

தேடினது ஒண்ணு, கிடைச்சது வேறன்னு ஆனதுக்கு கலிபோர்னியாவோட மவுன்டன் பாஸ் நல்ல உதாரணம். 1949-ல யுரேனியம் தேடிப் போனவங்க கைகர் கவுண்டர் அடிச்ச இடத்துல கல்லை எடுத்தாங்க, ஆனா அங்க இருந்த பெரிய சொத்து பாஸ்ட்னசைட், அரிய மண் 7, 8 சதவீத அளவுல. அந்தக் கொஞ்சூண்டு தோரியம் இல்லன்னா கருவி அடிச்சிருக்காது. கதிரியக்கம் இங்க வழிகாட்டி, சரக்கு வேற. போகன் மலைல நேர்மாறா யுரேனியத்தையே 1957-லேர்ந்து 1971 வரைக்கும் விட்டு விட்டுத் தோண்டினாங்க, அலாஸ்கால யுரேனியம் வெட்டின ஒரே சுரங்கம் அதுதான், அரிய மண் நரம்புகள் மேல கவனம் பின்னாடிதான் வந்துச்சு. அங்க கடல் பக்கத்துலயே இருக்கு, கப்பல்ல ஏத்தலாம். ராய் கிரீக் உள்நாட்டு மலைல, அதோட மவுன்ட் பிரிண்டிலைச் சுத்தின நிலத்துல பெரும்பகுதி 1980-ல வந்த அலாஸ்கா நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ ஸ்டீஸ், வைட் மவுன்டன்ஸ்னு பாதுகாக்கப்பட்ட பகுதிகளா ஆனது. ரோடு, கரண்டு, அனுமதி மூணுமே கல்லோட தரத்துக்குச் சமமான எடை உள்ள கேள்விகள்.

கனிமத்தோட வகையும் முக்கியம். உலகத்துல அரிய மண் பெரிய அளவுல பிரிச்செடுக்கறது பாஸ்ட்னசைட், மோனசைட், ஜெனோடைம், அப்புறம் அயனியா ஒட்டிக்கிட்டிருக்கற களிமண், கிட்டத்தட்ட இவ்வளவுதான். அல்லனைட், பிரித்தோலைட் மாதிரி சிலிக்கேட்டுல மாட்டிக்கிட்டா அதை லாபமா வெளிய எடுக்கற வழி தொழிற்சாலை அளவுல நிலைச்சதில்ல. ஒரே நரம்புல ஏழெட்டு கனிமம் கலந்து கிடந்தா ஒண்ணுக்கு ஒத்து வர்ற முறை இன்னொண்ணுக்கு ஒத்து வராது. அப்புறம் தோரியம், படிகத்தோட உடம்புலயே கலந்ததுன்னு சொன்னேன்ல, மோனசைட்டை உடைச்சா அது வெளிய வந்தே தீரும், வாங்க ஆள் குறைவு, அதைக் கதிரியக்கக் கழிவா பல தலைமுறைக்குப் பத்திரமா வச்சிருக்கணும். ஓடைக்குப் பக்கத்துல, உறைமண் உருகற நிலத்துல அத எங்க வைக்கறதுங்கறதுக்குத் தெளிவான பதில் இல்லாம தோண்ட ஆரம்பிக்கக் கூடாதுன்னு நான் உறுதியா நினைக்கறேன், அந்த ஓடைத் தண்ணிலயே மீன் இருக்கு, கீழ ஆத்தை நம்பி மக்களும் இருக்காங்க.

கடைசியா, இந்த மாதிரி இடத்துக்குப் போறவங்க, இல்ல கனிமம் சேகரிக்கற ஆர்வம் உள்ளவங்களுக்கு. ஓடைக்கரைல நடக்கறதால ஒண்ணும் ஆகாது. கைல ஒரு மோனசைட் கல்லைக் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தாலும் பெருசா ஒண்ணும் இல்ல, ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது. ஆபத்து உள்ள போறதுலதான், அதாவது தூசி. கல்லை உடைக்கும்போது, அரைக்கும்போது மாஸ்க் இல்லாம இருக்காதீங்க, ஈரமா வச்சு உடைங்க, கை கழுவாம சாப்பிடாதீங்க. யுரேனியக் கல்லுலேர்ந்து ரேடான்ங்கற கதிரியக்க வாயு வரும், அரை ஆயுள் 3.8 நாள், மூடின ரூமுல சேர அதுவே போதும். அதனால படுக்கற ரூம்ல, குழந்தைங்க கை படற அலமாரில வைக்காதீங்க. காத்தோட்டமான தனி இடத்துல, மூடின டப்பால, என்ன கல், எந்த ஓடை, எந்த இடம்னு லேபிள் ஒட்டி வைங்க. அந்த லேபிள் இல்லாத கல்லு பாதுகாப்புக்கும் உதவாது, ஆராய்ச்சிக்கும் உதவாது.